பன்னிரண்டு அரண்மனை விருந்து

மாதுங்கா, பம்பாய்
3-9-1947

சி. ஷ்யாமளாவுக்கு மாமாவின் பன்னிரண்டு பார வண்டி ஆசீர்வாதம்.

இங்கே யாவரும் க்ஷேமம். யாவரும் என்றால் நான், உன் விஜயம் மாமி, முந்தாநாள் சாயங்காலம் முதல் எங்கள் முன்னறையில் குடியேறியிருக்கும் பன்னிரண்டு ராஜ குடும்பங்கள். தேசத்துக்குச் சுதந்திரம் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. ஊரில் இருக்கிற மகாராஜாக்கள் எல்லாம் ராஜ்யத்தை எங்கே எழுதிக் கொடுப்பது என்று பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து உன் மாமன் ஒருவன்தான் ராஜ்யம் சம்பாதித்திருக்கிறான். அதுவும் ஒன்றல்ல, பன்னிரண்டு.

படபடக்காதே, சொல்கிறேன். எங்கள் கம்பெனி பெல்லிங்ஹாம் துரையின் மலபார் ஹில் பங்களாவில் சாப்பாட்டு அறைச் சுவரில் பன்னிரண்டு பீங்கான் தட்டுகள் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஐரோப்பாவின் ஒரு ராஜா இருந்த அரண்மனை. துரை போன வாரம் கப்பல் ஏறிவிட்டார். ஏறுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டு, "அனந்தா, இந்த தேசத்தை யாரிடம் வேண்டுமானாலும் விட்டுப் போவேன், இந்தத் தட்டுகளை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் விட மாட்டேன்" என்று விசும்பினார். அவர் கண்ணீரில் என் அங்கவஸ்திரம் நனைந்து, அதைப் பிழிந்ததில் ஒரு குடம் ரொம்பிற்று. அன்றைக்கு மாதுங்காவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. உன் மாமி அதை வைத்துத்தான் பாத்திரம் தேய்த்தாள்.

சரி, சிரித்தது போதும். இனிமேல் எழுதப்போவதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை. கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன்.

தட்டு நம் தாம்பாளத்தைவிடச் சின்னது. விளிம்பில் மயில் கழுத்து நீலம், அதன் மேல் தங்கக் கொடி. நடுவில் அரண்மனை. வெர்ஸேய்ல்ஸ் என்று பிரெஞ்சு ராஜாவுக்கு ஒன்று இருந்ததே, அதை எடுத்து ஜன்னலண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஆபீசில் முத்திரை பார்க்கிற பூதக்கண்ணாடி என்னிடம் உண்டு. அதை வைத்து ஜன்னல்களை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. ஒவ்வொரு ஜன்னலிலும் கண்ணாடி, கண்ணாடிக்குள் திரை, திரைக்கு மடிப்பு. ஒரு ஜன்னலில் மட்டும் திரை பாதி விலகியிருக்கிறது. எவனோ ஒருவன் ஒற்றை மயிர்த் தூரிகையை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு திரையை மட்டும் விலக்கிவிட்டிருக்கிறான். ஏன் விலக்கினான்? யார் எட்டிப் பார்க்க? எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. எனக்கு, ஷ்யாமளா! உன் மாமனுக்கு வாயடைத்துப் போனதை மாதுங்காவில் கண்டவர்கள் அதுவரை கிடையாது.

ருஷ்ய தேசத்து அரண்மனையில் பனி பெய்கிறது. அதை உற்றுப் பார்த்தால் கை சில்லிடுகிறது. வியன்னா அரண்மனை சாந்து மஞ்சள். அதன் முன்னால் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவள் உயரம் ஒரு எள்ளு. அந்த எள்ளுக்கு நிழல் வேறு போட்டிருக்கிறான்.

உன் மாமிதான் முதல் நாள் வாசலிலேயே பெட்டியை மறித்துவிட்டாள். "பீங்கானாக்கும்! எலும்புப் பொடி போட்டுப் பண்றதாம், மேல்மாடி மாமி சொன்னா. இங்கிலீஷ்காரா மாட்டு மாம்ஸம் தின்ன தட்டை பகவான் இருக்கிற ஆத்துக்குள்ள கொண்டுவருவேளா?" என்று கேட்டாள். நான் தட்டைத் திருப்பிக் காட்டினேன். அடிப் பக்கம் வளையத்தில் இரண்டு பொடி ஓட்டைகள். கம்பி கோத்துச் சுவரில் மாட்டத்தான் அது. சூளையில் வேகும்போதே போட்ட ஓட்டை. "அடியே, இது சாப்பிடுகிற தட்டே இல்லை. பிறந்த நாள் முதல் சுவரில் தொங்கிய தட்டு. ஒரு பருக்கை பட்டதில்லை, ஒரு கத்தி கீறியதில்லை. உன் ஈயச் சொம்பைவிட மடி" என்றேன். பூதக்கண்ணாடியால் பார்த்தாள். கீறல் இல்லை. ஒரு சொட்டு கங்கா ஜலம் தெளித்து உள்ளே விட்டாள்.

இப்போது முன்னறைச் சுவர் முழுக்க அரண்மனை. கட்டடத்தில் இருபத்துநாலு குடித்தனமும் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வரிசையின் வால் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வந்து மறுபடி எங்கள் வாசலிலேயே முட்டிற்று என்றால் பார்த்துக்கொள். நேற்று மத்தியானம் உன் மாமி தனியாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வந்தது தெரியவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டு, "இத்தனை ஜன்னலையும் யார் துடைப்பா?" என்றாள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம் சொல். அத்திம்பேருக்குச் சொல்லாதே, சொன்னாலும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

பன்னிரண்டு அரண்மனைகளுக்கும் ஒரு வாடகை வீட்டுக்கும் அதிபதி,
உன் மாமா அனந்தநாராயணன்


நூறணி, பாலக்காடு
11-9-1947

அன்புள்ள மாமாவுக்கு ஷ்யாமளாவின் அநேக நமஸ்காரம்.

உங்கள் லெட்டரை அம்மாவுக்கு அடுக்களையில் வாசித்துக் காட்டினேன். குடம் ரொம்பின இடத்தில் அம்மா சிரித்த சிரிப்பில் சாம்பார் பொங்கிவிட்டது. திரையை விலக்கின இடத்தில் கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை படி" என்றாள்.

என்னிடமும் ஒரு சமாசாரம் உண்டு. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கார்த்திகை 18. பையன் பெயர் பஞ்சாபகேசன். எல்லோரும் பஞ்சு என்கிறார்கள். எங்கே வேலை தெரியுமா? அம்பர்நாத்தில், ஒரு பாக்டரியில் டிராயிங் ஆபீஸ். அங்கேயிருந்து மாதுங்காவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானாமே! இதைக் கேட்டதும் நான் சம்மதம் சொன்னேன். அம்மா மட்டும்தான் காரணத்தைப் புரிந்துகொண்டாள்.

ஆனால் மாமா, உங்கள் பெயரை எடுத்தாலே அப்பா தூணைப் பார்த்துப் பேசுகிறார். அம்மா கேட்டே விட்டாள்: "மாலை மாத்தறச்சே பொண்ணைத் தூக்க அம்மான் வேண்டாமா? எனக்கு ஒரே ஒரு தம்பி." அதற்கு அப்பா, "பீங்கான் தட்டுல துரையோட உக்காந்து சாப்பிட்டேன்னு அவனே எழுதினான். நானா சொன்னேன்? பிராயச்சித்தம் பண்ணிண்டு வரட்டும், கதவைத் திறக்கறேன். ஒன்பது வருஷமா அதைத்தானே சொல்லிண்டிருக்கேன்" என்றார்.

நீங்கள் வராவிட்டால் என்னைத் தூக்கப் போவது யார் தெரியுமா? அம்மாவின் சித்தப்பா பிள்ளை, திருச்சூர் மாமா. அவருக்கு இடுப்பு வாதம். தன்னைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கவே இரண்டு பேர் வேண்டும். அதுகூடப் போகட்டும். கல்யாணமாகி நான் அம்பர்நாத்துக்கு வந்தாலும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். பிள்ளை வீட்டாருக்கும் சொல்லப் போகிறாராம். நான் அத்தனை கிட்ட வந்து உங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டுமா?

பிராயச்சித்தம் என்றால் என்ன மாமா பிரமாதம்? ஒரு ஸ்நானம், கொஞ்சம் பஞ்சகவ்யம், ஒரு பூணூல். பண்ணிக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் தோளில் உட்காருவதற்காக நான் இன்றைக்கே பாயசத்தை நிறுத்திவிட்டேன்.

மாமிக்கு நமஸ்காரம்.

உங்கள்
ஷ்யாமளா


மாதுங்கா, பம்பாய்
17-9-1947

சி. சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம். பஞ்சு என்கிற பாக்கியசாலிக்கும் சேர்த்து.

உன் லெட்டர் கையில் கிடைத்ததும் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவர்கள் ரசத்தில் விழுந்துவிட்டது. அம்பர்நாத்! அடுத்த வீடுதானே. இங்கே நான் தும்மினால் அங்கே பஞ்சு "நூறு" என்பான்.

உன்னைத் தூக்குவது எனக்கு ஒரு பொருட்டா? நான் வியன்னாவைத் தூக்கினவன், வின்ட்ஸரைத் தூக்கினவன். ஆணி அடிக்கும்போது ஒரு கையில் ருஷ்யாவையே பிடித்துக்கொண்டு நின்றவன்.

ஆனால் பிராயச்சித்தம் என்று ஒன்று சொன்னாயே. அது முடியாது, கண்ணே. ஏன் முடியாது என்று கேட்காதே. அத்திம்பேர் நினைப்பதுபோல் சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டதென்று அர்த்தமில்லை. பசுவின் பேரில் கோபமும் இல்லை. செய்ய முடியாது, அவ்வளவுதான். ராமேசுவரம் சமுத்திரம் முழுவதையும் என் தலையில் கொட்டினாலும் அந்த விருந்து போகாது. அதைக் கழுவ ஜலம் கிடையாது.

வேறு எதையாவது பேசுவோம். உன் சீருக்கு என்ன வேண்டும்? குடை பிடித்த பெண் இருக்கிற வியன்னாவை எடுத்து வைத்திருக்கிறேன். திருவேங்கடம் என்று என் ஆபீஸ் சிநேகிதர், தினமும் ஆபீசிலிருந்து நேரே இங்கே வந்து அரை மணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை, காப்பியும் கேட்பதில்லை. நேற்றுப் போகும்போது மட்டும், "ஓய், அந்தப் பொண்ணு நேத்தியைவிடக் கொஞ்சம் முன்னால போயிட்டா மாதிரி இல்லை?" என்று கேட்டார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தப் பெண் உன்னோடு அம்பர்நாத்துக்கு வரட்டும். நான் வராவிட்டால் என்ன.

உன் மாமா,
அனந்தநாராயணன்


நூறணி, பாலக்காடு
26-9-1947

அன்புள்ள மாமாவுக்கு ஷ்யாமளாவின் நமஸ்காரம்.

வியன்னா வேண்டாம். மாமாதான் வேண்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன். முழுக்கப் படியுங்கள், பாதியில் மடித்து வைத்துவிட்டுக் கதை கட்டப் போய்விடாதீர்கள்.

நேற்று அப்பா கோவிலுக்குப் போயிருந்தபோது அவருடைய பெட்டியைத் திறந்தேன். 1938-இல் நீங்கள் எழுதின அந்த லெட்டர் அங்கேதான் இருக்கிறது. அப்பா அதைக் கிழிக்கவில்லை, பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார். அப்போது எனக்குப் பதினொரு வயது. லெட்டர் வந்த அன்று அப்பா போட்ட சத்தம் மட்டும்தான் நினைவு. இப்போதுதான் முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

"துரைக்கு வலப்புறம் எனக்கு ஆசனம். பன்னிரண்டு அரண்மனைகளில் எனக்குப் பரிமாறினார்கள். முதலில் வின்ட்ஸர் வந்தது, அதை எடுத்துவிட்டு வெர்ஸேய்ல்ஸ் வைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, இந்த மாதம் மூன்றாம் தேதி நீங்களே என்ன எழுதினீர்கள்? பிறந்த நாள் முதல் சுவரில் தொங்கின தட்டு, ஒரு பருக்கை பட்டதில்லை, ஒரு கத்தி கீறினதில்லை, பூதக்கண்ணாடியில் மாமியும் பார்த்தாள் என்று எழுதினீர்கள். அப்படியென்றால் 1938-இல் உங்களுக்குப் பரிமாறினது எதில்?

இன்னும் ஒன்று. அந்தப் பழைய லெட்டர் மூன்று பக்கம். தட்டு உண்டு, தங்க விளிம்பு உண்டு, பனி உண்டு, அன்னப்பட்சி உண்டு. விருந்து மட்டும் இல்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு வரி கிடையாது. நம் மனுஷர் ஒருவர் பந்தியிலிருந்து எழுந்து வந்து, காளனில் உப்பு கூடியதா, பிரதமன் இளகியதா என்று சொல்லாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து எழுதின லெட்டர்கூட அம்மாவிடம் இருக்கிறது. பப்படம் எத்தனை போட்டார்கள் என்பது முதற்கொண்டு உண்டு.

அப்பாவுக்கு இது ஒன்பது வருஷமாகத் தெரியவில்லை. கோபத்தில் படித்தவருக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம் சொன்னேன். அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்து லெட்டரை வாங்கித் தடவிப் பார்த்தாள். "அவன் சாப்பிடலைடீ" என்றாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள்.

நீங்கள் அன்றைக்குச் சாப்பிட்டீர்களா, இல்லையா? எனக்கு எழுதுங்கள். மாமா என்னைச் சிரிக்க வைக்க வேண்டாம். இந்த ஒரு லெட்டரில் மட்டும் வேண்டாம்.

ஷ்யாமளா


மாதுங்கா, பம்பாய்
8-10-1947

ஷ்யாமளாவுக்கு.

உன் லெட்டர் வந்து எட்டு நாள் ஆயிற்று. நாலு பதில் எழுதிக் கிழித்தேன். நாலிலும் பொய்யாய் ஒரு யானை வந்தது. இதில் வராது. நேராக எழுதிப் பழக்கமில்லை. கை எங்கேயாவது இடறினால் பொறுத்துக்கொள்.

சாப்பிடவில்லை.

1938, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவசரமாகக் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி ஆபீசிலிருந்து காகிதங்களோடு என்னைத் துரை பங்களாவுக்கு அனுப்பினார்கள். நான் போனபோது துரை விருந்தாளிகளோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவருடைய பட்லர் மன்சூர் அலி உள்ளே போய்ச் சொன்னார். காத்திருக்கச் சொல்லிப் பதில் வந்தது. சாப்பாட்டு அறைக்கு வெளியே ஒரு நடை. அங்கே நாற்காலி இல்லை. கதவு திறந்தே இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றேன்.

காலையில் எட்டு மணிக்கு ஒரு காப்பி குடித்ததுதான். உள்ளே எட்டுப் பேர் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு எதையோ கேட்டாள். துரை திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தார். சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது கேவலம். தலையைக் குனிந்துகொண்டு நிற்பது அதைவிடக் கேவலம். அதனால் நேரே எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அங்கே அந்தத் தட்டுகள் இருந்தன.

இதை உனக்கு எப்படிச் சொல்வது? முதல் அரை மணி நேரம் கால் வலித்தது, காது எரிந்தது, வயிறு எரிந்தது. அதற்கப்புறம் வெர்ஸேய்ல்ஸில் அந்தத் திரை விலகியிருந்ததைக் கண்டேன். அத்தனை தூரத்திலிருந்து அது தெரிய நியாயமில்லை, ஆனால் தெரிந்தது. பிறகு நான் அந்த நடையில் இல்லை. ருஷ்யாவின் பனியில் நடந்தேன். வின்ட்ஸர் மலையில் ஏறினேன். வியன்னாவில் குடை பிடித்த பெண்ணுக்குப் பின்னாலேயே, அவள் நிழலை மிதிக்காமல் போனேன். மனுஷக் கை ஒன்று இதையெல்லாம் ஒரு சாண் பீங்கானில் போட்டு வைத்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. அந்த மேஜையைச் சுற்றி இருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

துரை வெளியே வந்து என் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மேஜை உள்ளேதானே இருந்தது. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "ரொம்ப நீளம்" என்றார். பத்து வருஷம் அவரிடம் வேலை பார்த்திருந்தேன்.

அந்த வாரம்தான் உன் அப்பாவிடமிருந்து லெட்டர் வந்திருந்தது. "பம்பாயில் என்ன பெரிய உத்தியோகம், குமாஸ்தாதானே" என்று ஒரு வரி. அவர் விளையாட்டாகத்தான் எழுதியிருப்பார். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து அந்த விருந்தை எழுதினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். நான் எழுதுவதற்கு எப்போதும் சிரிப்பவர்தான். இதை மட்டும் நம்பிவிட்டார்.

நம்பிய பிறகு நான் என்ன செய்ய? சாப்பிடாத விருந்துக்குப் பிராயச்சித்தம் செய்தால் சாப்பிட்டது நிஜமாகிவிடும். சாப்பிடவில்லை என்று சொன்னால், பின்னே அங்கே என்ன செய்தாய் என்று கேட்பார். நின்றேன் என்று சொல்ல வேண்டும். என் அக்கா காதில் அது விழ வேண்டும். அதைவிட ஜாதிப் பிரஷ்டனாக இருப்பது எனக்குக் கௌரவமாகப் பட்டது. ஒன்பது வருஷம் அப்படியே போய்விட்டது.

தட்டுகளைத் துரை கொடுக்கவில்லை. அவருக்கு என்னைச் சட்டென்று அடையாளம்கூடத் தெரிந்திராது. கப்பல் ஏறும் முன்னால் பங்களாவில் மிஞ்சியதையெல்லாம் மன்சூர் அலியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த மனுஷர் ஒரு விக்டோரியா வண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு, மாதுங்காவில் தெருத்தெருவாக விசாரித்து என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு எழுபது வயது இருக்கும். "ரத்னகிரிக்குப் போகிறேன், பாபுஜி. அங்கே என் வீட்டுச் சுவர் மண். இதற்கு ஆணி தாங்காது" என்றார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "முப்பது வருஷம் அந்த அறையில் பரிமாறியிருக்கிறேன். லாட் சாகேபெல்லாம் வந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தட்டுகளைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கு உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர எனக்குத் தைரியம் வரவில்லை" என்றார்.

நான் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். விஜயம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு இந்தக் கதை அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை அவளும் நான் சாப்பிட்டேன் என்றே நம்பியிருந்தாள். நம்பிக்கொண்டே ஒன்பது வருஷம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

இதை அப்பாவிடம் காட்டாதே என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார். காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். இதற்கப்புறமும் அவர் கதவைத் திறக்காவிட்டால் எனக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லை.

அனந்து


நூறணி, பாலக்காடு
17-10-1947

அன்புள்ள மாமாவுக்கு ஷ்யாமளாவின் நமஸ்காரம்.

காட்டிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எதிரில் நின்றுகொண்டு, "மாமா லெட்டர் எழுதியிருக்கா. படிக்கப் போறேன். பாதியில எழுந்து போகப்படாது" என்றேன். அப்பா தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். "சாப்பிடவில்லை" என்று படித்ததும் ஊஞ்சல் நின்றது.

முழுக்கப் படித்து முடித்தேன். அப்பா தூணிலிருந்து முகத்தைத் திருப்பினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு மணி நேரமா?"

"ஆமாம் அப்பா."

"ஒரு டம்ளர் ஜலம்?"

"கொடுக்கலை."

மாமா, அப்பா எழுந்தார் பாருங்கள்! ஊஞ்சல் போய்ச் சுவரில் இடித்தது. "நம்மாத்துப் பிள்ளையை நடையில நிறுத்திட்டு எட்டுப் பேர் உள்ள உக்காந்து தின்னாளா? ஒரு வாய் மோர், ஒரு வாய் ஜலம் கிடையாதா? மனுஷனாக்குமா அவன்? முதுகுல வெச்சு கையெழுத்துப் போட்டானா? அனந்துவோட முதுகுலயா?" என்று வாசல்வரை கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். உங்களுக்குச் சோறு போட்டதற்காக ஒன்பது வருஷமாக அந்தத் துரை மேல் கோபமாக இருந்தவர், போடவில்லை என்று தெரிந்ததும் அவரைக் கொன்றுவிடுவார் போல் இருந்தது. கப்பல் போய்விட்டதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சத்தம் போடாமல் கேட்டாள். "அவனுக்கு ஜலம் கொடுக்காதது அந்தத் துரை ஒருத்தன்தானா?"

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.  அம்மா உள்ளே போய் மிளகாய் ஆய ஆரம்பித்துவிட்டாள்.

 மறுநாள் காலையில் அப்பா ஸ்நானம், ஜபம் எல்லாம் முடித்துவிட்டு வந்து, "அந்த லெட்டரைக் கொடு" என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்தார். முதல் லெட்டரையும் கேட்டு வாங்கிப் படித்தார். குடம் ரொம்பின இடத்தில் உதட்டோரத்தில் ஏதோ நடந்தது, நான் பார்த்தேன். படித்துவிட்டு என்னிடம், "நெஜமாவே நூத்திப் பதினேழு ஜன்னலா? இல்லை, இதுவும் அவன் வழக்கமா?" என்று கேட்டார்.

"அது மட்டும் நெஜம் அப்பா. கற்பூரத்தை அணைச்சு எழுதியிருக்கா" என்றேன்.

"ஒரு சாண் தட்டுலயா!" என்றார். விரலை விரித்து ஒரு சாண் அளந்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒத்தை மயிர் தூரிகை..." என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து பக்கத்தில் நிற்கிறார். கீழே நாலு வரிக்கு இடம் விடச் சொல்கிறார். விட்டிருக்கிறேன். நான் படிக்கக் கூடாதாம். நானே மடித்து ஒட்ட வேண்டுமாம், ஆனால் படிக்கக் கூடாதாம்!

பாயசத்தை மறுபடி ஆரம்பித்துவிடப் போகிறேன். உங்கள் பாடு, உங்கள் தோள் பாடு.

ஷ்யாமளா

சி. அனந்தநாராயணனுக்கு ஆசீர்வாதம். பிராயச்சித்தம் ஒன்றும் வேண்டியதில்லை. விஜயத்தையும் அழைத்துக்கொண்டு பத்து நாள் முன்னதாகவே வா. அந்தத் தட்டில் ஒன்றைப் பத்திரமாகக் கட்டி எடுத்துவா. நான் பார்க்க வேண்டும். பெட்டி வைக்க வண்டி, ஆள் எல்லாம் நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன். ஒலவக்கோட் ஸ்டேஷனில் உனக்காக நிற்பேன். ரயில் எத்தனை மணி நேரம் தாமதமானாலும் நிற்பேன்.
ஜகந்நாதன்